கேளாமல் வந்த உணவு

ஜெர்மனியில் 1805-இல் பிறந்த ஜார்ஜ் முல்லர் இங்கிலாந்தில் போதகராக இருந்தார். 1830-இல் சம்பளமே வேண்டாம் என்று விட்டுவிட்டார். ஆண்டவர் படியளப்பார் என்பது அவருடைய நம்பிக்கை.

1836-இல் பிரிஸ்டல் நகரில் ஒரு வாடகை வீட்டில் அனாதைக் குழந்தைகளுக்கு விடுதி தொடங்கினார். யாரிடமும் கை நீட்டவில்லை. கடனுக்கும் எதுவும் வாங்கவில்லை. 1838-இல் பல நாட்கள் பெட்டியில் காசே இல்லை. ஊழியர்கள் தங்களிடமிருந்த சில்லறையைப் போட்டார்கள். எல்லோரும் கூடி ஜெபித்தார்கள். அன்றன்றைய செலவுக்கு அன்றன்றே யாராவது பணம் கொண்டுவந்தார்கள்.

பின்னர் ஆஷ்லி டௌன் என்ற இடத்தில் ஐந்து பெரிய கட்டடங்கள் எழுந்தன. 2,000 குழந்தைகள் தங்க இடமிருந்தது. தமக்கென்று வந்த காணிக்கையையும் முல்லர் பெரும்பாலும் தர்மமே செய்தார்.

1898-இல், 92-ஆவது வயதில் காலமானார். விட்டுச் சென்ற சொத்து மிகச் சொற்பம். அவர் ஆதரித்து வளர்த்த பிள்ளைகளோ ஏறக்குறைய 10,000 பேர்!