ஒல்லாந்தர் ஏடுகளில் எம்மவரைத் தேடியவர்: பேராசிரியர் சின்னப்பா அரசரத்தினம்

இலண்டனில் வாழும் எம்மவர் இல்லங்களில், பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கப் போவதாகப் பிள்ளை ஒன்று சொல்லுமாயின், அன்று அவ்வீட்டில் அடுப்பெரிவதே அரிது. மருத்துவம், பொறியியல், கணக்கியல், கணினி ஆகிய நான்கு வாசல்களுக்கு அப்பால் வேறு வாசல் இருப்பதாகப் பெற்றோர் பலர் எண்ணுவதில்லை. கடன்பட்டுக் கடல் கடந்து வந்தவர்களின் அச்சம் அது. அதனை ஏளனம் செய்ய நாம் துணியோம். ஆயினும், வரலாறு படித்த ஈழத்தமிழர் ஒருவர் அப்படிப்பின் வழியே எங்கு சென்றார், எமக்காக எதனைத் தேடிக் கொணர்ந்தார் என்பதை அப்பெற்றோர் அறிந்திருத்தல் நன்று.

சின்னப்பா அரசரத்தினம் 1930இல் பிறந்தவர். இலங்கைப் பல்கலைக்கழகம் கொழும்பில் இயங்கிய காலத்தில் அங்கு வரலாறு கற்று, 1951இல் இளமாணிப் பட்டம் பெற்றார். அக்காலத்து உயர்கல்வி எத்தகையது என்பதை இன்றைய தலைமுறைக்குச் சற்று விளக்க வேண்டும். 1921இல் கொழும்பில் தொடங்கப்பெற்ற பல்கலைக்கழகக் கல்லூரிக்குத் தானாகப் பட்டம் வழங்கும் உரிமை இருக்கவில்லை. அதன் மாணவர்கள் இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பரீட்சைகளுக்கே தோற்றினர். தேம்ஸ் நதியைக் கண்ணாற் காணாமலே இலண்டன் பட்டதாரிகளாயினர் எம் முன்னோர் பலர். 1942இல் நாட்டுக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் அமைந்தபோது பட்டம் உள்நாட்டினதாயிற்று. படிப்பின் அச்சு மாத்திரம் இலண்டன் அச்சாகவே நெடுங்காலம் இருந்து வந்தது.

அந்த இலண்டன் பல்கலைக்கழகத்திலேயே ஆராய்ச்சி செய்து 1956இல் அவர் கலாநிதியானார். அவர் எடுத்துக்கொண்ட பொருள், ஒல்லாந்தர் இலங்கையில் தம் அதிகாரத்தை நிலைநாட்டிய வரலாறு. இங்கேதான் அவரது பாதை கடினமாகின்றது. ஆங்கிலேயர் ஆட்சியை ஆராய்வோருக்கு ஆங்கிலம் கைகொடுக்கும். ஆனால் 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றி 1795 வரை ஆண்டவர்கள் ஒல்லாந்தர். அவர்களது ஆட்சி ஒரு வணிகக் கும்பனியின் ஆட்சி. கும்பனி என்றால் கணக்கு; கணக்கு என்றால் எழுத்து. எவர் காணி எவ்வளவு எனக் காட்டும் தோம்புகள், பிடித்து விற்ற யானைகளின் எண்ணிக்கை, அகழ்ந்தெடுத்த சாயவேரின் அளவு, பதவி விட்டுச் செல்லும் ஆளுநர் தமக்குப் பின் வருபவருக்கு எழுதிவைக்கும் நீண்ட அறிக்கைகள் என ஒன்றையும் அவர்கள் எழுதாமல் விடவில்லை. அவையனைத்தும் ஒல்லாந்த மொழியில், பழங்காலக் கையெழுத்தில் அமைந்தவை. அவற்றுட் பெரும்பகுதி ஹேக் நகரச் சுவடிக்கூடத்தில் உள்ளது. அரசரத்தினம் அம்மொழியைக் கற்று அவ்வேடுகளைப் படித்தார். 1658 முதல் 1687 வரையான காலத்தைக் கூறும் அவரது நூல் 1958இல் அம்ஸ்ரர்டாமில் வெளியாயிற்று.

அவ்வேடுகளை எழுதியவர்கள் எம்மைப் பற்றி அறிவதற்காக எழுதவில்லை. இலாபத்துக்காக எழுதினார்கள். அங்கே தமிழன் வரி கட்டுபவனாகவும், ஊழியம் செய்பவனாகவும், கும்பனியின் தடையை மீறிப் பண்டம் கடத்துபவனாகவுமே பெரிதும் தோன்றுகின்றான். எழுதியவர் யார், எவருக்காக எழுதினார், எதனை மறைத்தார் என்று கேட்டுக் கேட்டே அத்தகைய ஏட்டினைப் படித்தல் வேண்டும். இங்கிலாந்தில் மூன்றாண்டு வரலாற்றுப் பட்டப்படிப்பில் மாணவர் பயில்வது பெரும்பாலும் இதுவேயன்றி, அரசர்களின் ஆண்டுகளை மனனம் செய்வதன்று. எம்மவருக்கு இது முற்றிலும் அந்நியமானதும் அன்று. தஞ்ச விண்ணப்பம் செய்த ஒவ்வொருவரும், ஒரு திகதி பிசகினால் ஒரு வாழ்க்கையே ஐயத்துக்குள்ளாவதை அறிவர். வேறுபாடு என்னவெனில், வரலாற்று மாணவன் விண்ணப்பதாரியின் கூற்றை மட்டுமன்றி, அதிகாரியின் குறிப்பையும் அதே கண்டிப்புடன் சோதிக்கக் கற்கின்றான்.

(அகதி அந்தஸ்துப் பெற்றவர்கள் உள்ளூர் மாணவர் கட்டணத்துக்கும் மாணவர் கடனுக்கும் உரியவர்கள். முடிவுக்காகக் காத்திருப்போர் பொதுவாக வெளிநாட்டு மாணவர் கட்டணத்தையே எதிர்கொள்ள வேண்டியுள்ளது. பகலில் வேலை செய்வோர், 1823இல் தொழிலாளருக்கென நிறுவப்பெற்ற பேர்க்பெக் கல்லூரியின் மாலை வகுப்புகளை விசாரித்துப் பார்க்கலாம்.)

1961இல் அரசரத்தினம் மலாயாப் பல்கலைக்கழகத்துக்குக் கற்பிக்கச் சென்றார். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் இந்திய வம்சாவழியினரைப் பற்றி 1970இல் அவர் எழுதிய நூல் இன்றும் ஆய்வாளர்களால் எடுத்தாளப்படுகின்றது. 1973இல் அவுஸ்திரேலியாவின் ஆர்மிடேல் நகரிலுள்ள நியூ இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியரானார். ஒல்லாந்தரான வலன்ரைன் இலங்கையைப் பற்றி எழுதிய பெருநூற் பகுதியை ஆங்கிலத்தில் பெயர்த்துப் பதிப்பித்தார். அதனை இலண்டன் ஹக்லுயிற் கழகம் 1978இல் வெளியிட்டது. சோழமண்டலக் கரையின் வணிகர்களைப் பற்றிய நூல் 1986இல் வந்தது. ஐரோப்பியர் வந்த பின்னரும் எம் கடலோடிகள் கைகட்டி நிற்கவில்லை, வங்கக் கடலின் மறுகரை வரை தம் வணிகத்தை நடத்தியே வந்தனர் என்ற சித்திரத்தை அதிலே காண்கின்றோம்.

எம் மனத்துக்கு மிக நெருக்கமானது, தந்தை செல்வா நினைவுப் பேருரைக்காக 1982இல் அவர் எடுத்துக்கொண்ட பொருளாகும். வட இலங்கைத் தமிழரின் பொருளாதாரத்தின் வரலாற்று அடித்தளம் என்பதே அது. மேடைகளில் முடியும் வாளும் முழங்கிய அக்காலத்தில், அவர் பொருளாதாரத்தைப் பேசத் துணிந்தமை எமக்கு வியப்பளிக்கின்றது. யாழ்ப்பாணப் புகையிலை மலையாளக் கரைக்குச் சென்றது. பனைமரம் கடல் கடந்து தென்னிந்தியாவில் வீடுகளுக்குக் கூரை மரமாயிற்று. வன்னி யானைகளை வாங்க இந்திய வணிகர் யாழ்ப்பாணம் வந்தனர். அரிசி அக்கரையிலிருந்து இறங்கிற்று. நெல் போதாத ஒரு குடாநாடு கடலை நம்பியே வாழ்ந்தது என்பதைக் கும்பனிக் கணக்குகள் காட்டுகின்றன.

அவ்வுரைக்கு முந்திய ஆண்டில்தான் யாழ்ப்பாணப் பொது நூலகம் சுமார் 97,000 நூல்களுடனும் ஏட்டுச் சுவடிகளுடனும் எரியூட்டப்பட்டது. எமது கையிலிருந்தவை சாம்பராயின. அந்நியர் தம் இலாபத்துக்காக எழுதியவை ஹேக் நகரில் எஞ்சியிருந்தன.

1986இல் சுதந்திரத்துக்குப் பிந்திய இலங்கையின் இனவாதத்தையும் தேச நிர்மாணத்தையும் பற்றிய நூலொன்றையும், 1996இல் இலங்கையும் ஒல்லாந்தரும் பற்றிய தமது கட்டுரைகளின் தொகுப்பையும் அவர் வெளியிட்டார். 1998இல் காலமானார். அவர் படித்த அக்கும்பனி ஆவணங்கள் 2003இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டிற் சேர்க்கப்பட்டன. அவற்றுட் பெருமளவு ஒளிப்படியாக்கப்பட்டு, இன்று இலண்டனிலுள்ள வீடொன்றிலிருந்தே கட்டணமின்றிப் பார்க்கக் கூடியதாய் உள்ளன. ஒல்லாந்த மொழி தெரிந்தாற் போதும்.