ஆனந்த குமாரசுவாமி: நாம் மறந்த கனிமவியலாளர்

கலாயோகி ஆனந்த குமாரசுவாமி என்றதும் நடராஜர் வடிவத்தின் தத்துவத்தை உலகுக்கு விளக்கிய கலை அறிஞரே நம் நினைவுக்கு வருவார். ஆனால், இந்நாட்டின் பாறைகளை ஆராய்ந்த கனிமவியலாளராகவே அவர் தமது பணியைத் தொடங்கினார் என்பதைப் பலர் அறியார்.

சேர் முத்து குமாரசுவாமிக்கும் எலிசபெத் பீபி என்ற ஆங்கிலப் பெண்மணிக்கும் மகனாக 1877 ஆகஸ்ட் 22 இல் கொழும்பில் பிறந்தார். இரண்டு வயதிலேயே தந்தையை இழந்து இங்கிலாந்தில் வளர்ந்த அவர், இலண்டனில் புவிச்சரிதவியலும் தாவரவியலும் கற்றார். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிமவள ஆய்வுப் பணிக்குத் தலைமை தாங்கினார்.

அக்காலத்தில் பலாங்கொடைப் பகுதியில் மாணிக்கம் அகழ்வோரின் சரளையில் கரிய, கனத்த சிறு கற்கள் கிடைத்தன. அவற்றை ஆராய்ந்த குமாரசுவாமி, யுரேனியக் கனிமம் என முதலில் கருதினார். 1904 இல் இலண்டனில் நடந்த பகுப்பாய்வு, அவை பெரும்பாலும் தோரியத்தால் ஆன புதிய கனிமம் எனக் காட்டியது. தோரியனைட் என்று அதற்குப் பெயரிடப்பட்டது.

அக்கல்லுக்குள் ஹீலியம் என்ற விழுமிய வாயு மிகுதியாகச் சிறைப்பட்டிருந்தது. தோரியமும் யுரேனியமும் சிதையும்போது ஹீலியம் உண்டாகிறது. அது வேறு எதனுடனும் சேராமல் பளிங்கினுள் தங்கிவிடும். எனவே சேர்ந்துள்ள அளவையும் ஆண்டுதோறும் உண்டாகும் அளவையும் அறிந்தால், கல்லின் வயதைக் கணிக்கலாம். ரொபர்ட் ஸ்ட்ரட் என்ற ஆங்கில விஞ்ஞானி 1910 அளவில் இவ்வாறே கணித்து, இலங்கைத் தோரியனைட் 20 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்டது எனக் கண்டார். வாயுவில் ஒரு பகுதி கசிந்துவிடுமாதலால் அது குறைந்தபட்ச வயதே. பூமிக்கே சில கோடி ஆண்டுகள்தாம் வயது என்ற கெல்வின் பிரபுவின் கணிப்பு இத்தகைய அளவீடுகளால் தகர்ந்தது. இன்று ஆழ்கடல் நீரோட்டங்களையும் விண்கற்களின் வயதையும் அறிய விழுமிய வாயுக்களே துணைபுரிகின்றன.

பாறைகளைத் தேடிக் கிராமங்கள்தோறும் நடந்தபோது கண்ட கைவினைஞரின் அவலமே குமாரசுவாமியைக் கலையின்பால் திருப்பியது. 1917 முதல் அமெரிக்காவின் பொஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றி, 1947 செப்டெம்பர் 9 இல் அவர் மறைந்தார்.

தலவாக்கலையின் தேயிலைச் சரிவுகளைத் தாங்கும் பாறைகள் ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறியவை. ஒவ்வொரு மழைக்காலத்திலும் மண்சரிவு அச்சத்துடன் லயங்களில் உறங்கும் மக்களுக்குக் காலடி நிலத்தைப் பற்றிய அறிவு உயிர்காக்கும் அறிவாகும். அவர்களின் பிள்ளைகளிலிருந்து புவிச்சரிதவியலாளர்கள் உருவாக வேண்டும். அதற்குத் தோட்டப் பாடசாலைகளில் விஞ்ஞானக் கல்வியை வளர்ப்பதே குமாரசுவாமிக்கு நாம் செலுத்தும் உண்மையான அஞ்சலியாகும்.