மேடையை விட்டிறங்கிய பேராசிரியர்

நம் பிள்ளைகளின் பாடசாலையிலும் கல்லூரியிலும் நல்லாசிரியர் ஒருவரை நாம் எப்போது கௌரவிக்கிறோம்? பெரும்பாலும் அவர் மாற்றலாகிப் போகும் நாளில். அன்று மாலை விழும், பொன்னாடை விழும், வாழ்த்துப்பா வாசிக்கப்படும். பட்டமும் பதவியும் எழுதிய நூல்களும் எண்ணப்படும். அவர் வகுப்பறையில் என்ன செய்தார் என்பதை எண்ணுவார் சிலரே. அதை அளக்க ஒரு கோல் நம்மிடம் இல்லாதது ஒரு காரணம் என்று கொள்ளுங்கள்.

நமது ஊவா மாகாணத்தில் வாழ்ந்து இங்கேயே இரத்தம் சிந்திய ஓர் ஆசிரியரை இன்று நினைவுகூர விரும்புகிறோம். அவர் அமலமரித் தியாகிகள் சபைக் குருவான மைக்கல் றொட்றிகோ அடிகளார்.

1927ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் தெஹிவளையில் பிறந்தவர். குருப்பட்டம் பெற்றதும், ஐம்பதுகளின் நடுப்பகுதியில், கண்டி அம்பிட்டிய தேசிய குருமடத்தில் கற்பிக்கத் தொடங்கினார். ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக அங்கே மெய்யியல் கற்பித்தார், பௌத்தமும் கற்பித்தார். ஐம்பதுகளில் குருமாணவர் முன் நின்று புத்தரின் போதனையை மரியாதையோடு விளக்குவது எளிய காரியமா? பிற சமயங்களில் உண்மையும் புனிதமுமாய் உள்ள எதையும் திருச்சபை தள்ளுவதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிக்கையிட்டதே 1965இல்தான். அடிகளாரோ 1959இலேயே, புத்தர் பெற்ற ஞான ஒளியை ஆராய்ந்து உரோமை கிரகோரியன் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றிருந்தார். பின்னர் பாரிஸ் கத்தோலிக்க நிறுவனத்தில் இரண்டாவது கலாநிதிப் பட்டத்தையும் 1973இல் பெற்றார். அதன் பொருள், தன்னலத்திலிருந்து தன்னலமறுப்புக்குக் கடந்து செல்லுதலை இலங்கையின் சமயங்கள் எவ்வாறு காண்கின்றன என்பது. பாட்டும் கவிதையும் எழுதுவார். கற்பிக்கும்போது அவையும் கைகொடுத்தன.

அந்தப் பாரிஸ் நிறுவனத்திலேயே கற்பிக்கும் வாய்ப்பு அவருக்குக் காத்திருந்தது. நம் வீட்டுப் பிள்ளைக்கு அப்படி ஓர் அழைப்பு வந்தால் நாம் என்ன சொல்லுவோம்? அடிகளார் ஏற்கவில்லை. பதுளைக்கு வந்தார்.

ஏன் பதுளை? அதைச் சொல்ல இன்னொருவரையும் சொல்லியாக வேண்டும். 1959 முதல் கண்டி ஆயராயிருந்த லியோ நாணயக்கார ஆண்டகை, 1972இல் ஊவா மாகாணம் தனி மறைமாவட்டமாகப் பிரிக்கப்பட்டபோது, பெரிய கண்டியை விட்டுச் சிறிய, வறிய பதுளையைத் தாமே கேட்டு வாங்கிக்கொண்டவர். அவர் வந்த காலத்தை நம் பெரியவர்கள் மறக்கமாட்டார்கள். 1973, 1974ஆம் ஆண்டுகளில் தோட்டங்களில் பசிக்கொடுமை, லயங்களில் சாவு. பிரசாவுரிமையற்றவர்களாய் நம் மக்கள் ஊருக்குப் போவதா இருப்பதா என்று தவித்த நாட்களும் அவையே. இந்த மக்களுக்கு எத்தகைய குரு வேண்டும் என்று ஆயர் யோசித்தார். பண்டாரவளையில் சேவக செவன என்ற குருத்துவப் பயிற்சி இல்லத்தை ஆரம்பித்தார். மதிலுக்குள் இருந்து படிப்பதை விட மக்களோடு இருந்து படிக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். அங்கே கற்பிக்க வந்தவரே இரண்டு கலாநிதிப் பட்டம் பெற்ற நமது அடிகளார்.

அதோடும் அவர் நிற்கவில்லை. ஏழைகளைப் பற்றிக் கற்பிப்பவன் ஏழைகளிடம் கற்காதிருப்பதா என்ற கேள்வி அவரை விடவில்லை. 1980 ஜூலையில் மொனராகலை மாவட்டத்துப் புத்தலைப் பகுதியில், அலுகலவித்த கிராமத்தில் குடியேறினார். பண்டாரவளையிலிருந்து எல்ல வழியாக வெல்லவாய இறங்கிப் போயிருக்கிறீர்களா? தேயிலை மறையும், குளிர் மறையும், வறண்ட காடு தொடங்கும். அங்கே சுற்றிலும் பௌத்தர்களே. சுப செத் கெதர, அதாவது நல்வாழ்த்து இல்லம், என்று தம் சிறு வீட்டுக்குப் பெயரிட்டார். கோயில் கட்டவில்லை, எவரையும் மதம் மாற்றவுமில்லை. திருக்குடும்பக் கன்னியர் ஒருவரும் உடன் பணியாற்றினார். மூலிகை வைத்தியம், இளைஞருக்குக் கல்வி, உழவருக்கு ஒத்தாசை என்று வேலை நடந்தது. முதலில் சந்தேகித்த கிராமத்தாரும் பிக்குகளும் மெல்ல மெல்ல அவரைத் தம்மவராகக் கொண்டனர்.

நம் தோட்டத்து வாசகர் ஒருவர் கேட்கலாம்: ஏன் சிங்களக் கிராமத்துக்குப் போனார், எங்கள் லயத்துக்கு வரக்கூடாதா என்று. நியாயமான கேள்விதான். ஆனால் ஒன்றைப் பாருங்கள். அந்த வெல்லஸ்ஸப் பிரதேசம் ஒருகாலத்தில் நெல் கொழித்த பூமி. 1818இல் ஊவாக் கிளர்ச்சியை ஆங்கிலேயர் அடக்கியபோது வயல்களும் குளங்களும் வீடுகளும் அழிக்கப்பட்டன. அந்த வரலாற்றை அடிகளார் தேடிப் படித்தார். அதே ஆட்சிதான் பின்னர் மலைகளைக் காடழித்துத் தோட்டமாக்கி, நம் பாட்டன்மாரைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தது. எண்பதுகளில் பெல்வத்தைச் சீனித் தொழிற்சாலைக்காகக் கரும்பு நடப்பட்டபோது, சேனைப் பயிர் செய்து பிழைத்தவர்கள் நிலமிழந்ததை அவர் கண்டார். அவர்களுக்காகப் பேசினார், எழுதினார். நிலம் இழந்த சிங்கள உழவனும் நிலமே காணாத தமிழ்த் தொழிலாளியும் ஒரே கணக்கில் இரண்டு வரிகள் என்பது நம் எண்ணம்.

அவரைக் குருமடம் இழந்தது நட்டமல்லவா என்று கேட்டவர்கள் உண்டு. நட்டமே, அதை மறைப்பானேன்? நல்ல விரிவுரையாளர் எளிதில் கிடைப்பதில்லை. ஆனால் நட்டம் என்று ஒப்புக்கொள்வதுகூட ஓர் ஆசிரியரை மதிக்கும் ஒரு வழிதானே. வேண்டாதவர் போனால் யார் வருந்துவார்?

1982 மே மாதம் ஆயர் லியோ காலமானார். அடிகளார் தம் கிராமத்திலேயே இருந்தார். 1987 தொடக்கம் தென்னிலங்கை கலவர பூமியாயிற்று. கிராமத்து இளைஞரோடு பழகியவர்கள் யாவரும் ஒருபுறம் சந்தேகத்துக்கும் மறுபுறம் மிரட்டலுக்கும் ஆளாயினர். போய்விடலாமா என்ற கேள்வி அந்தச் சிறு வீட்டிலும் எழுந்தது. சேர்ந்து செபித்து, சேர்ந்து யோசித்து, மக்களை விட்டுப் போவதில்லை என்று தீர்மானித்தார்கள்.

1987 நவம்பர் 10ஆம் நாள் மாலை. அந்த வீட்டிலே திருப்பலி நடந்துகொண்டிருந்தது. வெளியிலிருந்து வந்த குண்டு அடிகளாரின் உயிரைக் குடித்தது. அவருக்கு வயது 60. அவரை அடையாளம் கண்டுகொண்ட கிராமத்தார், பட்டங்களைப் பற்றி ஒன்றும் அறியாத பௌத்தர்கள், தங்கள் ஆசிரியரை இழந்த துயரோடு அந்த வீட்டில் வந்து நின்றார்கள்.