மிருதங்கத்தை ஆராய்ந்த ராமன்

சர் சி.வி. ராமன் என்றதும் 1928 பிப்ரவரி 28-ம், ஒளிச்சிதறலும், 1930-ல் கிடைத்த நோபல் பரிசும்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். பி.எஸ்ஸி. பௌதிகம் படித்துவிட்டு, ஆயுளெல்லாம் அரசாங்க ஃபைல்களோடு காலம் தள்ளிய எனக்கு அதற்கு முந்தைய ராமனைத்தான் அதிகம் பிடிக்கும். பகலில் ஆபீஸ், காலையிலும் மாலையிலும் ஆராய்ச்சி என்று பத்து வருஷம் ஓடியவர் அவர்.

1888 நவம்பர் 7 அன்று திருவானைக்காவலில் பிறந்தார். தகப்பனார் சந்திரசேகர ஐயர் கல்லூரி ஆசிரியர், வயலினும் வாசிப்பார். சென்னை பிரசிடென்ஸி கல்லூரியில் எம்.ஏ. முடித்த ராமன், 1907-ல், பத்தொன்பது வயது நிறைவதற்குள், நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தா போனார். அதே வருஷம் விவாகமும் ஆயிற்று. மனைவி லோகசுந்தரி அம்மாளுக்கு வீணை தெரியும். நடுவில் ரங்கூனுக்கும் நாக்பூருக்கும் மாற்றல். (மாற்றல் உத்தரவு யாரைத்தான் விட்டது!) கல்கத்தாவில் இருந்த காலமெல்லாம் பௌபஜார் தெரு விஞ்ஞானக் கழகத்தின் ஆய்வுக்கூடமே அவருக்கு இரண்டாவது வீடு.

புனே லோஹேகாவில், விமானதளத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கும் எனக்கு, சத்தம் வேறு, நாதம் வேறு என்பதை யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. இந்த வேறுபாட்டைத்தான் ராமன் ஆராய்ந்தார். இழுத்துக் கட்டிய தந்தி முழுதாக ஆடும்போதே இரண்டு, மூன்று, நான்கு பாகங்களாகவும் ஆடுகிறது. அந்த அதிர்வெண்கள் 1, 2, 3, 4 என்ற விகிதத்தில் இருப்பதால், காதில் ஒரே ஸ்வரமாகச் சேர்ந்து விழுகின்றன. சாதாரண முரசுத் தோலில் அவை ஏறக்குறைய 1, 1.59, 2.14, 2.30 என்று ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்கும். அதனால்தான் முரசில் சுருதி நிற்பதில்லை.

மிருதங்கத்தில் நிற்கிறதே! காரணம் வலந்தலையின் நடுவில் உள்ள கருப்புக் கரணை. சாதத்தோடு கல்பொடியைப் பிசைந்து படலம் படலமாகத் தேய்த்து ஏற்றும் அந்த எடை, அதிர்வெண்களை மாற்றி முழு எண் விகிதத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிடுகிறது. தோலின் ஒன்பது வகை அதிர்வுகள் இப்படி ஐந்து ஸ்வரங்களுக்குள் அடங்கிவிடுகின்றன. 1920-ல் சிவகாளி குமாருடன் சேர்ந்து 'நேச்சர்' இதழில் ராமன் இதை எழுதினார். பௌதிகம் படிக்காத நம் வாத்தியக் கைவினைஞர்கள் காதை மட்டும் நம்பி இதைச் சாதித்தது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

வீணை, தம்பூரா, வயலின் எதையும் அவர் விடவில்லை.

1917-ல் கல்கத்தா சர்வகலாசாலையில் பாலித் பேராசிரியர் பதவி வந்தது. சம்பளம் குறைவு. உத்தியோகத்தில் மேலே மேலே போகக்கூடியவர், ராஜினாமா செய்துவிட்டுப் போனார். குடும்பஸ்தனாக நான் அதைத் துணிந்திருக்க மாட்டேன்.

ஒளிக்குப் போன பிறகும் அதிர்வு அவரை விடவில்லை. ராமன் விளைவில் சிதறிய ஒளியின் அதிர்வெண் எவ்வளவு மாறுகிறதோ, அது மூலக்கூறின் சொந்த அதிர்வெண்ணேதான். 1934-ல் பெங்களூரில் இந்திய விஞ்ஞான அகாடமியைத் தொடங்கினார். அவ்வருஷமே அதன் இதழில், நோபல் பரிசு பெற்றவர், மறுபடியும் மிருதங்கத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 1970 நவம்பர் 21-ல் பெங்களூரிலேயே காலமானார்.