புல்வெளிகளை எண்ணால் அளந்தவர்

இரண்டு ஆவணங்கள் எந்த அளவுக்கு ஒத்திருக்கின்றன என்று கணினி கணக்கிடப் பயன்படும் வாய்பாடுகளுள் ஒன்று ஜக்கார்டு குறியீட்டெண். தரவு அறிவியல் மாணவர்கள் அப்பெயரை நன்கு அறிவர். ஆனால், பால் ஜக்கார்டு ஒரு தாவரவியலாளர் என்பதைப் பலர் அறியார்.

1868-இல் சுவிட்சர்லாந்தின் வோ மாநிலத்தில் பிறந்த அவர், லோசானிலும் சூரிச்சிலும் பயின்று, 1903-இல் சூரிச் கூட்டாட்சித் தொழில்நுட்ப உயர்கல்வி நிறுவனத்தில் பேராசிரியரானார். அதற்கு முன்பே திரான்ஸ் ஆற்றுப்படுகை உள்ளிட்ட ஆல்ப்ஸ் பகுதிகளின் தாவரப் பட்டியல்களைத் திரட்டியிருந்தார்.

இரு புல்வெளிகளின் தாவர வளம் ஒத்தது, வேறுபட்டது என்று சொற்களால் விவரிப்பது அவருக்குப் போதவில்லை. பொதுவான சிற்றினங்களை மட்டும் எண்ணினால், பட்டியல் நீள நீள ஒற்றுமையும் கூடுவதாகத் தோன்றும். எனவே, 1901-இல் அவர் ஒரு வழி கண்டார்: பொதுவான சிற்றினங்களின் எண்ணிக்கையை, இரு இடங்களிலும் உள்ள மொத்தச் சிற்றினங்களின் எண்ணிக்கையால் வகுப்பது. ஓரிடத்தில் 40, மற்றோரிடத்தில் 30, பொதுவானவை 20 என்றால், மொத்தம் 50. ஒற்றுமை 40 விழுக்காடு. ஒரு பள்ளி மாணவன்கூடப் போடக்கூடிய கணக்குத்தான். ஆனால், ஒத்த சூழலில் அமைந்த புல்வெளிகளும் தாவரங்களில் பெரிதும் வேறுபடுவதை அது காட்டியது.

அவர் வகுத்த மற்றோர் எண்ணின் கதை வேறு. கத்தரி, சுண்டை, தூதுவளை மூன்றும் தனித்தனிச் சிற்றினங்கள், பேரினமோ ஒன்றே. ஓரிடத்தின் பேரினங்களின் எண்ணிக்கையைச் சிற்றினங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் வரும் விகிதம், அங்குள்ள சூழல் எந்த அளவுக்குப் பல்வகைப்பட்டது என்பதைச் சொல்லும் என ஜக்கார்டு நம்பினார். விகிதம் குறைந்தால் சூழல் வேறுபாடு மிகுதி என்பது அவர் கருத்து.

பின்லாந்தின் அல்வார் பால்ம்கிரென் இதை மறுத்தார். எத்தனை சிற்றினங்கள் திரட்டப்பட்டன என்பதைப் பொறுத்தே அந்த விகிதம் மாறுகிறது என்பது அவர் வாதம். ஜக்கார்டு விட்டுக்கொடுக்கவில்லை. 1929-இல் மையெஃபேர் என்ற சுவிஸ் தாவரவியலாளர் சிற்றினங்களைச் சீட்டுகளில் குறித்துக் குருட்டாம்போக்கில் எடுத்துப் பார்த்தார். சில சீட்டுகளை எடுத்தபோது ஏறத்தாழ ஒவ்வொன்றும் புதிய பேரினமாக இருந்தது. மேலும் மேலும் எடுக்க, பழைய பேரினங்களே திரும்ப வந்தன. மலையும் மண்ணும் இல்லாமலே விகிதம் சரிந்தது! 1930-இல், ஜக்கார்டு பணியாற்றிய அதே நிறுவனத்தின் கணிதப் பேராசிரியர் ஜார்ஜ் போல்யா, நிகழ்தகவின் வழி அச்சரிவைக் கணக்கிட்டுக் காட்டினார்.

பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில், வெற்றி பெற்ற எண்ணைவிடத் தோற்ற எண்ணே என்னை ஈர்க்கிறது. அளவில் வேறுபட்ட மாதிரிகளின் விகிதங்களை அப்படியே ஒப்பிடும் வழக்கம் எங்கள் துறையிலும் உண்டு. ஒரு வேறுபாட்டுக்குக் காரணம் தேடுமுன், தற்செயலே அதை விளைவிக்குமா என்று கணக்கிட்டுப் பார்க்கும் முறை சூழலியலில் வேர்விட்டதற்கு இந்த விவாதமும் ஒரு தொடக்கம்.

ஜக்கார்டு 1944-இல் மறைந்தார். பேரின விகிதத்தை அவர் கருதிய பொருளில் இன்று யாரும் கையாள்வதில்லை. புல்வெளிகளுக்காக வகுத்த ஒற்றுமை எண்ணோ, மரபணுத் தொடர்களை ஒப்பிடவும் பயன்படுகிறது.