இறாலின் நரம்பும் ஏதிலியர் கண்ணீரும்

சமாதானத்திற்கான நோபல் பரிசைப் பெற்றவர்களுள் இறாலின் நரம்பை ஆராய்ந்த விலங்கியல் அறிஞர் ஒருவரும் உண்டு என்றால் வியப்பாக இருக்கும். அவர்தாம் நார்வே நாட்டின் ஃபிரிட்யோஃப் நான்சென்.

இன்று ஓஸ்லோ எனப்படும் நகரின் அருகே 1861-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் ஒரு வழக்கறிஞரின் மகனாக அவர் பிறந்தார். பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பயின்று, 1882-இல் பெர்கன் அருங்காட்சியகத்தில் பணியேற்றார். அங்கே அவருக்கு வழிகாட்டிய டானியல்சென், தொழுநோயாளருக்காக உழைத்த மருத்துவர்.

நரம்பு மண்டலம் முழுவதும் ஒரே வலையா, அல்லது தனித்தனி உயிரணுக்களால் ஆனதா என்பது அக்காலத்தின் பெரிய கேள்வி. வெள்ளி உப்பினால் நரம்பணுக்களைக் கருமையாக்கிக் காட்டும் முறையைக் கண்டுபிடித்த இத்தாலிய அறிஞர் கோல்கி, அது வலையே என்றார். நான்சென் 1886-இல் பாவியா நகருக்குச் சென்று அம்முறையை அறிந்து வந்தார். சிங்கி இறால் முதலிய முதுகெலும்பற்ற உயிர்களின் நரம்புகளை மெல்லிய சீவல்களாக்கி நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிணைந்திருப்பதை அவர் காணவில்லை. கோல்கியின் முறையைக் கொண்டே கோல்கியின் கருத்தை மறுத்து 1887-இல் நூல் வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 25. கண்ணால் கண்டதை அஞ்சாமல் எழுதிய அந்தத் துணிவே அவருடைய முதற்பெருமை. தனித்தனி அணுக்கள் என்பதே உண்மை எனப் பின்னர் உறுதியாயிற்று.

நரம்பிழை என்பது மிக நுண்ணிய குழல்களின் கட்டு என்றும் அவர் எழுதினார். அவர் வரைந்தவை இன்று நாம் நுண்குழல் என்று சொல்பவை அல்ல. உண்மையான நுண்குழலின் பருமன், ஒரு மில்லிமீட்டரை 40,000 பங்காக்கினால் கிடைக்கும் ஒரு பங்கே! இருபதாம் நூற்றாண்டில் எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்த பிறகே அது புலப்பட்டது. பெரும்பாலான உயிர்களில் 13 புரத இழைகள் வட்டமாக அடுக்கப்பட்டு ஒரு குழலாகின்றன. ஆனால், நன்னீரில் வாழும் கிரேஃபிஷ் என்னும் இறாலினத்தின் நரம்பிழைகளில் 12 இழைகளே உள்ளன. இக்குழல்கள் தண்டவாளங்களைப் போன்றவை. அணுவின் உடலில் உருவாகும் பொருள்கள் இவற்றின் வழியாகவே நரம்பின் நுனிவரை செல்கின்றன. நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கிலுள்ள கோல்ச்சிசின் என்னும் நஞ்சு, இத்தண்டவாளங்கள் உருவாவதைத் தடுத்துவிடும்.

நான்சென் ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடவில்லை. 1888-இல் முனைவர் பட்டத் தேர்வு முடிந்த சில நாட்களிலேயே புறப்பட்டு, ஐந்து தோழர்களுடன் கிரீன்லாந்தின் பனிவெளியைக் கடந்தார். 1893 முதல் 1896 வரை ஃபிராம் என்னும் கப்பலில் வடதுருவக் கடற்பயணம் மேற்கொண்டார்.

முதல் உலகப் போருக்குப் பின், உலக நாடுகள் சங்கத்தின் சார்பில் 4 இலட்சத்திற்கும் மேற்பட்ட போர்க் கைதிகளை அவர் வீடு சேர்த்தார். ரஷ்யப் பஞ்சத்தில் வாடியோருக்காக நாடு நாடாகக் கையேந்தினார். நாடிழந்து, பெயரை மெய்ப்பிக்க ஒரு தாள்கூட இல்லாமல் தவித்தவர்களுக்கு 1922-இல் நான்சென் கடவுச்சீட்டு பிறந்தது. அவ்வாண்டே நோபல் பரிசும் அவரை வந்தடைந்தது. பரிசுப் பணத்தையும் துயர்துடைப்புப் பணிக்கே கொடுத்தார். அவர் பரிந்துழைத்தவர்களுள் ஆர்மீனியரும் அடங்குவர். சென்னை அரண்மனைக்காரன் தெருவில் அந்தோணியாரை வணங்கச் செல்வோர் அருகிலேயே காணும் பழைய ஆலயம், அம்மக்களின் முன்னோர் கட்டியதே. 1930-ஆம் ஆண்டு மே 13-ஆம் நாள் நான்சென் மறைந்தார்.

நம் செம்பரம்பாக்கம், ஒரகடம் பகுதிகளின் தொழிற்சாலைகளுக்கும் தொலைதூர மாநிலங்களிலிருந்து பலர் பிழைப்பு நாடி வருகின்றனர். அவர்கள் அகதிகள் அல்லர். எனினும் மொழி தெரியாத ஊரில் அன்பான ஒரு சொல்லுக்கு அவர்களும் ஏங்குவார்கள். அறிவியல் கற்பவளுக்கு இரக்கம் வேண்டாம், இரக்கம் உள்ளவளுக்கு அறிவியல் வராது என்று எண்ணுவோர் உண்டு. இரண்டும் ஒரே நெஞ்சில் குடியிருக்க முடியும் என்பதை நான்சென் வாழ்ந்து காட்டினார். தோழியரே, நாமும் அவ்வழி நடக்க இறைவன் அருள்வாராக!