ஏட்டுத் தமிழை எட்டுத் திக்கும் கொண்டு சென்ற தனிநாயகம் அடிகள்



தமிழ் படிச்சு நம்ம பிள்ளை என்ன ஆகப் போவுது என்ற கேள்வி தோட்டத்து லயத்திலும் எழுகிறது. பட்டணத்து வீட்டிலும் எழுகிறது. பெற்ற பிள்ளையின் பிழைப்பை எண்ணிக் கேட்கும் கேள்வி அது. தப்பென்று சொல்லிவிட முடியாது. அந்தக் கேள்விக்குத் தம் வாழ்க்கையாலேயே பதில் சொன்ன ஒருவரை இங்கே உங்களுக்கு அறிமுகம் செய்கிறேன். அவர் நம் காஜாங்குக்கு அருகே, கோலாலம்பூரில், பல ஆண்டுகள் வாழ்ந்து பணியாற்றியவர். அவர்தாம் சேவியர் தனிநாயகம் அடிகள்.

அடிகளார் 1913ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள் இலங்கையில், யாழ்ப்பாணத்தை அடுத்த ஊர்காவற்றுறைப் பகுதியில் பிறந்தார். இளமையிலேயே தாயை இழந்தார். படித்ததெல்லாம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். கத்தோலிக்கக் குருவாக விரும்பி, கொழும்பிலும் பின்னர் ரோமாபுரியிலும் பயின்றார். அங்கே லத்தீன், இத்தாலியம் முதலிய மொழிகளைக் கற்றார். டாக்டர் பட்டமும் பெற்றார். எத்தனையோ மொழி அறிந்த அந்த இளைஞருக்குத் தம் சொந்தத் தாய்மொழியின் இலக்கியம் மட்டும் எட்டாத தூரத்தில் இருந்தது!

1940இல் திருநெல்வேலிச் சீமையில் உள்ள வடக்கன்குளத்துப் பள்ளிக்கு ஆசிரியராக வந்தார். அங்கேதான் அவர் வாழ்க்கை திசை திரும்பியது. ஊர் ஊராகப் பேசப்படும் தமிழைக் கேட்டார். பழைய நூல்களின் பெருமையை அறிந்தார். டாக்டர் பட்டம் வாங்கிய பெரியவர், சின்னப் பிள்ளையைப்போல ஒரு தமிழ்ப் பண்டிதரிடம் போய் உட்கார்ந்து பாடம் கேட்டார். இதிலே என்ன வெட்கம்? படிப்புக்கு வயது உண்டா, சொல்லுங்கள்!

அதோடு நின்றாரா? 1945இல் அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தில் மாணவராகச் சேர்ந்தார். தமிழில் முதுகலைப் பட்டம் பெற்றார். சங்கப் பாடல்களில் இயற்கை எப்படிப் பாடப்பட்டிருக்கிறது என்பதை ஆராய்ந்து ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். மலைக்குக் குறிஞ்சி, காட்டுக்கு முல்லை, வயலுக்கு மருதம், கடற்கரைக்கு நெய்தல், வறண்ட வெளிக்குப் பாலை என்று நிலத்தை ஐந்தாகப் பகுத்து, அந்தந்த நிலத்து மரம், பறவை, தொழில், மனித மனம் எல்லாவற்றையும் சேர்த்துப் பாடிய முறையை வெளிநாட்டு அறிஞர்களுக்கு எடுத்துக் காட்டினார். மாணவர்களே, விடியற்காலையில் பால்மரத்துக் காட்டில் பனி இறங்குவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் உங்கள் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தத் திணைப் பாடம் எளிதில் விளங்கும். கேட்டுப் பாருங்கள்.

1952இல் ‘தமிழ்க் கலாசாரம்’ என்னும் பொருள்படும் பெயரோடு ஓர் ஆங்கில ஆய்விதழைத் தொடங்கினார். தமிழ் தெரியாத அறிஞர்களும் தமிழைப் பற்றிப் படிக்க வேண்டுமென்பதே அதன் நோக்கம். ஐரோப்பிய நூலகங்களில் தூசி படிந்து கிடந்த பழைய தமிழ் அச்சு நூல்களைத் தேடி அலைந்தார். 1554இல் லிஸ்பன் நகரில், ரோமன் எழுத்தில் தமிழ் அச்சேறிய செய்தியைத் தமிழுலகம் அறியச் செய்தவர்களில் அவர் முக்கியமானவர். 1679இல் அச்சான தமிழ் - போர்த்துகீசிய அகராதி ஒன்று வத்திகான் நூலகத்தில் இருந்தது. அடிகளாரின் முயற்சியால் 1966இல் அது மறுபதிப்பாக வெளிவந்தது. எந்த ஊரில் என்று நினைக்கிறீர்கள்? நம் கோலாலம்பூரில், மலாயாப் பல்கலைக் கழகத்தின் வழியாகத்தான்!

1961 முதல் 1969 வரை அப்பல்கலைக் கழகத்தின் இந்திய இயல் துறைக்கு அவர் தலைவராக இருந்தார். 1964 ஜனவரியில் புதுடில்லியில் பல நாட்டு அறிஞர்களைக் கூட்டி உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தை அமைக்க முன்னின்றார். அதன் முதல் தலைவர் ஒரு பிரெஞ்சுக்காரர். அடிகளாரோடு பொதுச் செயலாளராக இருந்தவர் செக் நாட்டுக் கமில் சுவெலபில். பிறந்த மொழி வேறாக இருந்தும் தமிழைத் தேடிப் படித்தவர்கள் அவர்கள்.

அம்மன்றத்தின் முதல் மாநாடு 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் நடந்தது. நம் நாட்டின் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் தொடங்கி வைத்தார். சென்னைக்கும் பாரிசுக்கும் போவதற்கு முன்பே அந்த மாநாடு நம் மண்ணுக்கு வந்தது. இந்நாட்டுத் தமிழரிற் பெரும்பாலோர் தோட்டத்தில் உழைத்த காலம் அது. அந்த மண்ணில்தான் உலக அறிஞர்கள் தமிழுக்காக ஒன்று கூடினார்கள். 1987லும் 2015லும் மாநாடு மீண்டும் இங்கே கூடியது.

அடிகளார் பின்னர் இலங்கைக்குத் திரும்பினார். 1974இல் யாழ்ப்பாணத்தில் நான்காம் மாநாடு நடந்தது. அதன் இறுதி நாளில் கூட்டத்தில் உயிர்கள் பலியான துயரத்தையும் அவர் காண நேர்ந்தது. 1980 செப்டம்பர் 1ஆம் நாள் மறைந்தார்.

பெற்றோர்களே, மற்ற மொழியை ஒதுக்கிவிட்டு அவர் தமிழை வளர்க்கவில்லை. ஆங்கிலமும் பிரெஞ்சும் போர்த்துகீசியமும் தெரிந்ததால்தான் தமிழை உலகத்தின் முன் நிறுத்த முடிந்தது. நம் பிள்ளைகளும் மலாயும் ஆங்கிலமும் நன்றாகப் படிக்கட்டும். தமிழையும் விடாமல் படிக்கட்டும். அடிகளாருக்கு இருபத்தேழு வயதில் கிடைத்த தமிழ்ப் பாடம், நம் பிள்ளைக்கு ஏழு வயதிலேயே பள்ளி வாசலில் காத்திருக்கிறது. அதை வேண்டாமென்று சொல்வானேன்?

மாணவச் செல்வங்களே! இன்று பரிசு வாங்கியவர்களுக்கு வாழ்த்துகள். வாங்காதவர்கள் மனம் தளர வேண்டாம். இருபத்தேழு வயதில் தமிழ் படிக்கத் தொடங்கியவர் பெயரை இன்று உலகமே சொல்கிறது. உங்களுக்கு இன்னும் எவ்வளவோ காலம் இருக்கிறது. நன்றாய்ப் படியுங்கள்!